இரண்டு நிமிட மௌனத்தில் நான் பேசியது

"படு! படுங்கடா எல்லாரும்!"

படுக்கிறேன். முகம் சேற்றில். முதல் குண்டு ஆற்றில் விழுகிறது. தொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டாவது கரையில். இதன் சத்தம் வேறு. முதலில் சீழ்க்கை. பிறகு ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு தரை ஆளைத் தூக்கிப் போடுகிறது. மாசி மாதம், புதன்கிழமை, உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்பு. இடம் டைகிரிஸ் ஆற்றங்கரை. வருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு.

கோவேறு கழுதைகள் கட்டறுத்துக்கொண்டு ஓடுகின்றன. அவற்றின் சேணத்தைப் பழுது பார்ப்பது எங்கள் வேலை. எங்கள் என்றால் என் வேலையும் ரஹீம் வேலையும். என் பெயர் ஆசீர்வாதம். மாதனூர் பக்கம். ரஹீம் வாணியம்பாடி. இரண்டு பேரும் ஆம்பூரில் ஒரே தோல் ஷாப்பில் ஆறு வருடம் பதம் போட்டவர்கள். ஒரே கப்பலில் பஸ்ரா வந்தோம். கப்பலில் வாந்தி எடுத்ததும் ஒரே வாளியில்தான்.

ஒரு கழுதை மட்டும் ஓடவில்லை. வாரில் கால் சிக்கிக் கிடந்து உதைக்கிறது. ரஹீம் எழுந்து அதனிடம் ஓடினான். நான் கத்தினேன்.

"வேணாம் பாய்! வந்துடு!"

"அறுத்து வுட்டுட்டு வர்றேன்! நீ படு!"

மூன்றாவது குண்டு. சீழ்க்கை கேட்டது. அதற்குப் பிறகு எனக்கு இரண்டு நாள் இடது காது கேட்கவில்லை. இன்றைக்கும் பாதிதான் கேட்கிறது.

புகை விலகியபோது நான்கு பேர் கிடந்தார்கள். மூன்று பேருக்கு முகம் இருந்தது. ஹவில்தார், கழுதை ஓட்டும் பஞ்சாபிகள் இரண்டு பேர். நான்காவது ஆளுக்கு முகமும் இல்லை, சட்டையும் இல்லை. இடுப்பில் பெல்ட் இருந்தது. குனிந்து முகர்ந்தேன். எங்கள் ஊரில் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆவாரம்பட்டை வாசனை. தோல் மேலாகச் சிவந்திருந்தது. ஆவாரம்பட்டையில் பதம் போட்ட தோல் வெயில் பட்டால் அப்படிச் சிவக்கும். ரஹீம் பெல்ட் ஆம்பூர்த் தோல். வேறு என்ன சாட்சி வேண்டும். இவன் ரஹீம் என்று நான் சொன்னேன். துரை எழுதிக்கொண்டார்.

முஸ்லிமுக்குக் குழி எப்படி வெட்டுவது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். வாணியம்பாடியில் பார்த்திருக்கிறேன். தலை வடக்கு, கால் தெற்கு, முகம் மேற்கு. அப்படியே வெட்டினேன். எங்கள் கூட்டத்தில் மிஞ்சியவர்களில் முஸ்லிம் யாரும் இல்லை. அந்த வழியாகத் துருக்கிக் கைதிகளை நடத்திக்கொண்டு போனார்கள். அதில் ஒருவன் நின்றுவிட்டான். கையில் கட்டு. வயது முப்பது இருக்கும். குழியைப் பார்த்தான். தலையை ஆட்டினான். குச்சி எடுத்து மண்ணில் வேறு பக்கமாகக் கோடு இழுத்தான். மெக்கா அங்கிருந்து மேற்கே இல்லை, தென்மேற்கே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர்த் திசையை மூட்டை கட்டிக்கொண்டு வந்து அங்கே அவிழ்த்திருக்கிறேன்.

திருப்பி வெட்டினோம். அவனும் ஒற்றைக் கையால் மண் தள்ளினான். பிறகு நின்று தொழுதான். குண்டு போட்டது அவன் ஆட்கள். அழுதது அவன். காவல் சிப்பாய் கூட அவசரப்படுத்தவில்லை. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். கடவுள் எந்த மொழியில் கேட்டாரோ, கேட்டிருப்பார் என்று அன்றைக்கு நம்பினேன்.

புதைக்கும் முன்பே பெல்ட்டைக் கழற்றி எடுத்து வைத்திருந்தேன். அவன் மனைவியிடம் கொடுக்க.

பத்தொன்பதில் ஊர் திரும்பினேன். வாணியம்பாடி ஜமாத்தில் எழுந்து நின்று சொன்னேன். நானே பார்த்தேன், நானே புதைத்தேன். ரஹீம் மனைவி சுல்தானாவின் வளையலைக் கழற்றினார்கள். விதவைக்கான இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள். முடிந்த பிறகு பெல்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவுக்கு உள்ளே இருந்து வாங்கினாள்.

"அண்ணா, இது அவர்து இல்ல."

"நம்ம ஊர்த் தோல்மா. நான் மோந்து பார்த்தேன்."

"தோலு நம்ம ஊர்துதான். அவருக்கு இடுப்பு கம்மி. போறதுக்கு மொத நாளு நான்தான் உள்ள தள்ளி மூணு ஓட்டை குத்திக் குடுத்தேன். இதுல எங்க அது?"

வாங்கிப் பார்த்தேன். இல்லை. நான் தோலைப் பார்த்தவன். ஓட்டையைப் பார்க்கவில்லை. ஆம்பூர்த் தோல் மதராஸில் கப்பலேறி உலகமெல்லாம் போகிறது. யார் இடுப்பிலும் இருக்கும். அந்த ஒரு யோசனை எனக்கு ஆற்றங்கரையில் வரவில்லை.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஈரத்துல தோல் சுருங்கி ஓட்டை மூடிக்கினு இருக்கும்மா" என்றேன். தோல்காரன் மகளிடம் சொல்கிற பொய்யா அது. எனக்கு வெட்கம். துரையிடம் சொன்னது, ஜமாத்தில் சொன்னது, எல்லாம் பொய்யாகிவிடுமே என்ற பயம். வேறு காரணம் இல்லை.

அந்த வருடம் முதல் நவம்பர் பதினொன்றாம் தேதி சண்டை நின்ற நாளைக் கொண்டாடினார்கள். கொண்டாட்டமா துக்கமா என்று யாருக்கும் தெளிவில்லை. வேலூர்க் கோட்டை மைதானத்தில் கொடி, பேண்டு. போய்த் திரும்பியவர்கள் பதக்கம் குத்திக்கொண்டு நிற்க வேண்டும். இறந்தவர்கள் பெயரை வாசிப்பார்கள். பதினோரு மணிக்குப் பீரங்கி. இரண்டு நிமிடம் மௌனம். மறுபடி பீரங்கி. குண்டு பட்டுச் செத்தவனை நினைக்கக் குண்டு வெடிப்பது யார் யோசனையோ. முதல் வருடம் நான் அங்கேயே படுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவன் தூக்கி நிறுத்தினான்.

சுல்தானா ஒவ்வொரு வருடமும் மாமியாரோடு வந்தாள். கூட்டத்தின் ஓரத்தில் புர்காவில் நிற்பாள். ரஹீம் பெயர் வரும்போது ஏதோ சொல்வாள். இரண்டாம் வருடம் அவர்கள் பக்கத்தில் போய் நின்றேன். "இருக்கார்" என்றாள். பேர் கூப்பிடும்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொல்வதைப் போல.

மூன்றாம் வருடம் அவளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். மேல்விஷாரத்துக்காரர், மனைவியை இழந்தவர். நல்ல மனிதர். அடுத்த வெள்ளிக்கிழமை நிக்காஹ். பதினொன்றாம் தேதி காலை கோட்டை மைதானத்து வாசலில் என்னை நிறுத்திக் கேட்டாள்.

"அவர் உயிரோட இருந்தா நான் எப்பிடிண்ணா இன்னொருத்தர் வூட்ல போய் உக்கார்றது? உங்க ஒரு சொல்லுலதான் நான் விதவை. அதே வாயால இன்னா தெரியும்னு சொல்லுங்க. போதும்."

நான் உள்ளே போய் வரிசையில் நின்றேன்.

பீரங்கி வெடிக்கிறது. நிற்கிறேன். காக்கா கத்துகிறது. எங்கோ ஒரு குதிரை லாடத்தைத் தேய்க்கிறது. சேறு. முகமில்லாத ஆள். யாரப்பா நீ. ரஹீமின் முன்னோர் எந்தப் படையோடோ சேணம் தைக்க வந்து வேலூரில் தங்கியவர்கள். என்னுடையவர்கள் பஞ்சத்தில் தெலுங்குப் பக்கமிருந்து நடந்து வந்தவர்கள். இரண்டு பேரும் வந்தேறி என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்வோம். நீ எங்கிருந்து வந்தாய். உனக்கு இன்னொருவன் பேரை வைத்து நான் புதைத்தேன். உனக்காக அழுதவனுக்கும் உன் பேர் தெரியாது. எதிரி என்று யாரைச் சொல்வது.

"ரஹீம் பேரை எடுங்க."

என் குரல்தான். அந்த மௌனத்தில் கோட்டைச் சுவர் வரை கேட்டது.

"நான் பொதைச்சது ரஹீம் இல்ல. யாருன்னு எனக்குத் தெரியாது. ரஹீம் செத்ததை நான் பார்க்கல."

இரண்டு சேவகர்கள் வந்து என்னை இழுத்துப் போனார்கள். இரண்டாவது பீரங்கி எனக்குப் பின்னால் வெடித்தது.

நிக்காஹ் நின்றது. ஜமாத்தில் மன்னிப்புக் கேட்டேன். மேல்விஷாரத்துக்காரர் என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. சுல்தானா மறுபடி வளையல் போட்டுக்கொண்டு அதற்குப் பிறகும் காத்திருந்தாள். ரஹீம் வரவில்லை. நான் சொன்ன பொய் அவளை விதவையாக்கியது. நான் சொன்ன உண்மை அவளை விதவையாகக்கூட இருக்க விடவில்லை. எது பாவம் என்று பாதிரியாரைக் கேட்டேன். ஜெபம் பண்ணு என்றார். பண்ணுகிறேன். போன ஆடியில் அவள் காலமானாள். வளையல் போட்டபடியே அடக்கம் செய்யச் சொல்லியிருந்தாள். மார்க்கத்தில் அதற்கு இடமில்லை என்று கழற்றிவிட்டார்கள்.

இனி கணக்கு. கோவேறு கழுதைகள் பதினொன்று. ஹவில்தார் ஒருவர். பஞ்சாபிகள் இரண்டு பேர். என் இடது காதில் பாதி. ரஹீம், இருக்கிறான் என்றோ இல்லை என்றோ எழுத எனக்கு உரிமை இல்லை. சுல்தானா காத்திருந்தது, பதினாறு வருடம். அந்தக் குழியில் ஒருவன். அவனுக்கும் ஒரு வீடு இருக்கும். அங்கே எத்தனை பேர், எத்தனை வருடம் வாசலைப் பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியாததால் எழுதவில்லை.