எங்கள் வீட்டில் மட்டும் வேலை செய்யும் மென்பொருள்

உங்கள் மென்பொருள் எங்கள் வீட்டில் மட்டும் எப்படிப் பிழையில்லாமல் வேலை செய்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பதில் எழுத இரண்டு வாரமாகிவிட்டது, மன்னிக்கவும். பேசுவது எனக்கு வராது. எழுத வரும், ஆனால் மெதுவாக.

ஐந்து நட்சத்திரம் போட்டு அந்த விமர்சனத்தை எழுதியவர் என் அப்பா. "என் மகள்கள் சொல்வதைவிட இது காட்டுவதைத்தான் நம்புகிறேன்" என்று முடித்திருப்பார். அதைப் படித்துவிட்டு நாற்பது பேர் இறக்கிப் பார்த்ததாகவும், ஒருவருக்குக்கூட உருப்படியாக எழுதிக் காட்டவில்லை என்று உங்களைத் திட்டியதாகவும் சொன்னீர்கள். அவர்கள் சொல்வது சரிதான். அதில் உங்கள் தப்பு எதுவுமில்லை. பேசுவதைக் கேட்டு உடனே எழுத்தாகக் காட்டும் ஒன்றைத் தனி ஆளாக உட்கார்ந்து செய்து, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்திருக்கிறீர்கள். நம் மொழி அதற்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் இந்த மாதிரி விஷயங்களுக்கு என்னிடம்தான் வருவார்கள். விண்ணப்பத்துக்குப் புகைப்படத்தைச் சுருக்க ஒரு தளம், நான்கைந்து பக்கங்களை ஒரே கோப்பாகச் சேர்க்க ஒரு தளம், அழிந்துபோன படங்களை மீட்க ஒரு மென்பொருள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். எல்லாம் இலவசம், எல்லாம் நானே சோதித்துப் பார்த்தவை. கேட்பவர்களிடம் வாயால் விளக்க மாட்டேன். செய்தி அனுப்பிவிடுவேன். வேதியியல் படித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே ஒரு மருந்துக் கம்பெனிக்கு ஆய்வக முடிவுகளை அட்டவணையில் ஏற்றும் வேலை பார்க்கிறேன். அதற்கும் பேச வேண்டியதில்லை.

அப்பாவுக்குக் காது மந்தமானபோது முதலில் கேட்காமல் போனது என் குரல்தான். எனக்கு அது பெரிய மாற்றமாகத் தெரியவில்லை. அதற்கு முன்னாலும் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் "முழுங்காம சொல்லு" என்பார். நான் முழுவதும் முழுங்கிவிடுவேன். அக்காவின் குரல் அவருக்கு ரொம்ப நாள் கேட்டது. அவள் தெருமுனையில் பேசினால் மாடியில் கேட்கும். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் மாதம் ஒரு முறை வந்து நான்கு நாளுக்கான பேச்சை ஒரே நாளில் பேசிவிட்டுப் போவாள். அம்மா இறந்த பிறகு அப்பா சிரித்ததெல்லாம் அவள் வரும் நாட்களில்தான்.

பிறகு அவள் குரலும் போய்விட்டது. காதில் வைக்கும் கருவியில் இரைச்சல் மட்டும்தான் வந்தது. அப்போதுதான் உங்கள் தளத்தைக் கண்டுபிடித்தேன். ஒரு டேப்லெட்டில் ஏற்றி, ஹாலில் அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் நிறுத்தி வைத்தேன். அன்று பக்கத்து வீட்டு டைலர் வந்து "சாப்ட்டாச்சா, தூங்கினீங்களா?" என்று கேட்டார். திரையில் "சாக்கு ஆச்சு தூண் நீங்களா" என்று வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு டைலரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்பா, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அப்போதுதான் திருத்தும் பக்கம் ஒன்று இருப்பதைப் பார்த்தேன். வேறொரு கணினியிலிருந்து அதே இணைப்பைத் திறந்து, வரிகளைச் சரிசெய்யலாம். "திருத்திய பிறகே காட்டு" என்று ஒரு கட்டமும் இருந்தது. அதில் குறி போட்டேன். என் அறையில் உட்கார்ந்து, மைக்கில் வருவதைக் காதில் மாட்டிக் கேட்டு, தட்டினேன். மூன்று நான்கு நொடிதான் தாமதம். நான் வேகமாகத் தட்டுவேன்.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்த அன்று அவர் டைலரிடம் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். "முப்பது வருஷம் எடை மேடையில உக்காந்தவன்பா நான். லாரி டிரைவர் ஒவ்வொருத்தனும் ஒரு கதை சொல்லுவான். நான் எவன் மூஞ்சியையும் பாக்க மாட்டேன். மெஷின் என்ன காட்டுது, அதான் எடை. இதுவும் அந்த மாதிரிதான். பாரு, ஒரு தப்பு இருக்கா?" ஒரு தப்பும் இல்லைதான். நான் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

அவர் அதற்குத் தம்பி என்று பெயர் வைத்தார்.

முதல் சில வாரங்கள் சொன்னதைச் சொன்னபடிதான் எழுதினேன். ஒரு நாள் டைலர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தன் மனைவியிடம், "செவிட்டு மனுஷன்கிட்ட என்னத்தப் பேசறது, வா" என்றார். மைக் அதையும் பிடித்துவிட்டது. நான் "உடம்பைப் பார்த்துக்கோங்க, வரோம்" என்று போட்டேன். அப்பா வாசலைப் பார்த்துக் கையசைத்தார். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

அதன் பிறகு அக்கா வந்தபோது, "இவளை வெளிய ஒரு வேலைக்கு அனுப்புங்கப்பா. இப்படியே கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தா மனுஷங்களே மறந்து போயிடும் இவளுக்கு" என்றாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, "தங்கச்சி உங்களை நல்லாப் பாத்துக்கறாப்பா" என்று தட்டினேன். அப்பா தலையாட்டினார். "ஆமாமா. ஆனா பேசத்தான் மாட்டா."

ஒரு மாலை அவர் தனியாக உட்கார்ந்து டேப்லெட்டைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். சும்மாதான். "என்ன தம்பி, இன்னிக்கு ஒருத்தரும் வரல. உனக்கும் வேலையில்ல, எனக்கும் வேலையில்ல." உங்கள் மென்பொருள் அவர் பேசியதையே அவருக்குத் திருப்பி எழுதியிருக்கும். நான் அதை நிறுத்திவிட்டு, "சொல்லுங்க ஐயா, கேக்கறேன்" என்று போட்டேன்.

அவர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் மாலை பேசினோம். முதல் முதலாக எடை மேடையில் ஏறிய நாளைச் சொன்னார். அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது கால் வழுக்கி விழுந்ததைச் சொன்னார். அதை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. எதற்கெடுத்தாலும் "நீ என்னப்பா நினைக்கறே?" என்று கேட்பார். நான் நினைப்பதைத் தட்டுவேன். முடியும் வரை காத்திருப்பார். ஒரு வாக்கியத்தைக்கூடப் பாதியில் வெட்டியதில்லை. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஒருவர் நான் சொல்வதை முழுவதுமாகக் கேட்டது அதுதான் முதல் முறை.

ஒரு நாள் என்னைப் பற்றியும் கேட்டார். "சின்னவ என்ன நினைக்கறான்னே எனக்குத் தெரியல தம்பி. உனக்குத் தெரியுமா?"

"தெரியாது ஐயா" என்று போட்டேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்கள் விமர்சனப் பக்கத்தில் அப்பா, "ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதைக்கூட ஒரு எழுத்து பிசகாமல் காட்டியது" என்று எழுதியிருக்கிறார். அதை எப்படிச் சாதித்தோம் என்று குறிப்பாகக் கேட்டிருந்தீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அக்காதான் பிடிவாதமாக ஒரு காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். மேசைமேல் டேப்லெட்டை அப்பாவுக்கு மட்டும் தெரியும்படி திருப்பி வைத்தோம். நான் மூலையில் ஒரு ஸ்டூலில், திருத்தும் பக்கத்தைத் திறந்த போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டாக்டர் என்னைப் பார்த்து, "இந்தக் காலத்துப் பிள்ளைங்க ஆஸ்பத்திரில கூடப் போனைக் கீழ வைக்காது" என்று சிரித்தார். அக்காவும் சிரித்தாள். பிறகு டாக்டர் அப்பாவின் பக்கம் திரும்பி, நிதானமாகச் சொன்னார்.

"நரம்பு நல்லா இருக்குங்க. உள்ள இருக்கற சின்ன எலும்பு இறுகிப் போயிருக்கு, அவ்வளவுதான். சின்ன ஆபரேஷன். ஒரு காதுக்கு இப்போ, இன்னொண்ணுக்கு ஆறு மாசம் கழிச்சு. பழையபடி கேக்கும். ஆனா தள்ளிப் போடாதீங்க. உள்காதுக்கு இறங்கிட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

நான் யோசிக்க நேரமில்லை. நான்கு நொடிக்கு மேல் தாமதித்தால் சந்தேகம் வரும். அந்த நான்கு நொடியில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பழையபடி கேட்கும். பழையபடி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

திரையில் இப்படி வந்தது: "நரம்பு பட்டுப்போச்சுங்க. ஆபரேஷன் பண்ணாலும் பிரயோஜனம் இல்ல. தலைச்சுற்றல்தான் மிச்சமாகும். இப்படியே பழகிக்கறதுதான் நல்லது."

அப்பா படித்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "பண்ணிடலாம்பா, அடுத்த வாரமே பண்ணிடலாம்" என்றாள். நான் "விடுங்கப்பா, இந்த வயசுல இனிமே எதுக்கு" என்று தட்டினேன். அவள் சிரிப்புக்கு அது பொருந்தவில்லை என்று தெரியும். ஆனால் அதற்குள் தட்டிவிட்டேன்.

அப்பா கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "வேணாம் டாக்டர்" என்றார். "எனக்குப் புரியுது. வேணாம்."

அக்கா ஒரு தாளில் எழுதிக் காட்டியிருக்கலாமே என்று நீங்கள் யோசிக்கலாம். காட்டினாள். வீட்டுக்கு வந்ததும் பெரிய பெரிய எழுத்தில், "ஆபரேஷன் பண்ணினால் காது கேட்கும் என்று டாக்டரே சொன்னார் அப்பா" என்று எழுதி நீட்டினாள். அப்பா தாளையும் பார்த்தார், டேப்லெட்டையும் பார்த்தார்.

"டிரைவர் குடுத்த சீட்டையும் பாத்திருக்கேன், மெஷின் காட்டின எடையையும் பாத்திருக்கேன்" என்றார். "எது நெஜம்னு எனக்குத் தெரியும்மா. அங்க ஒண்ணு பேசிட்டு, இங்க வந்து ஆறுதலுக்கு எழுதாதே."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. சமையலறைக்கு வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏன்டி இப்படிப் பிடிவாதம் பிடிக்கறாரு? நீயாவது சொல்லேன்டி."

"நான் சொன்னா எப்பக் கேட்டிருக்காரு" என்றேன். அது பொய்யில்லை.

டாக்டர் கொடுத்த அறிக்கையை என் பட்டியலில் இருக்கும் தளத்தில் ஒரே கோப்பாகச் சேர்த்து, அளவு சுருக்கி, பத்திரமாக வைத்திருக்கிறேன். எதையும் அழிக்கவில்லை.

அக்கா விடவில்லை. அடுத்த ஒன்றரை வருடம், வரும்போதெல்லாம் அதையேதான் பேசினாள். நான் அவள் வரிகளைக் குறைத்துக்கொண்டே வந்தேன். அவள் பத்து நிமிடம் பேசினால் திரையில் இரண்டு வரி வரும். கடைசியாக வந்தபோது அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, "நான் என்னப்பா பண்ணேன்? ஏன் என்கிட்ட முகம் குடுத்துக்கூடப் பேச மாட்டேங்கறீங்க?" என்று அழுதாள். நான் எதுவும் எழுதவில்லை. அப்பா அவள் உதடு அசைவதைப் பார்த்தார், வெறும் திரையைப் பார்த்தார்.

"தம்பியே எழுதலன்னா, நீ சொல்றதுல ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம்" என்றார்.

அவள் அன்று மத்தியானமே கிளம்பிவிட்டாள். ஆறு மாதமாகிறது. என் எண்ணுக்கு மட்டும் எப்போதாவது, "அப்பா எப்படி இருக்காரு?" என்று செய்தி அனுப்புவாள். நன்றாக இருக்கிறார் என்று அனுப்புவேன்.

போன மாதம் அப்பாவுக்கு லேசாகத் தலை சுற்றியது. நானே அதே டாக்டரிடம் அழைத்துப் போனேன். சோதித்துவிட்டு, "உள்காது வரைக்கும் போயிடுச்சுங்க. இனிமே ஆபரேஷனால பிரயோஜனம் இல்ல. பழகிக்கறதுதான் வழி" என்றார். அன்று நான் ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை. "ரெண்டு வருஷம் முன்னாடி நான் சொன்னப்பவே பண்ணியிருந்தா இந்நேரம் கேட்டிருக்குமே" என்று கடைசியில் ஒரு வரி சொன்னார். அதை மட்டும் விட்டுவிட்டேன்.

அப்பா என் பக்கம் திரும்பி, "பாத்தியா? தம்பி அன்னைக்கே சொன்னான்" என்றார். அன்று மாலை வந்துதான் உங்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார்.

நீங்கள் கேட்ட பதிவுக் கோப்பை இணைத்திருக்கிறேன். எது குரலிலிருந்து வந்தது, எது விசைப்பலகையிலிருந்து வந்தது என்று ஒவ்வொரு வரிக்கும் அதிலேயே குறித்திருக்கும். குரலிலிருந்து வந்ததைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். முதல் பக்கத்தில் டைலர் பேச்சில் வந்த அந்தத் தூண் மட்டும்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி நாள் பதினோராவது பக்கத்தில்.

இதையெல்லாம் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அடுத்த மாதம் வரும் புதிய பதிப்பில், ஆள் தட்டிய வரிகள் நீல நிறத்தில் தனியாகத் தெரியும் என்றும், பழைய பதிப்பு அதோடு நின்றுவிடும் என்றும் அறிவித்திருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு அது நல்ல வசதிதான். எங்கள் வீட்டில் திரை முழுவதும் நீலமாக இருக்கும்.

இந்தக் கோப்பை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். அக்காவின் முகவரிகூடத் தருகிறேன். நான் செய்ததை இல்லையென்று சொல்ல மாட்டேன். பழைய பதிப்பை மட்டும் எங்கள் ஒரு வீட்டுக்காவது விட்டுவையுங்கள்.

ஹாலில் அப்பா நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்கிறது. "தம்பி, இருக்கியா?" என்கிறார். பதில் போட வேண்டும். பழைய பதிப்பை நான் எனக்காகக் கேட்கவில்லை. காது கேட்காத மனிதர், மூத்த மகளும் வருவதில்லை. பேச்சுத் துணைக்கு அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.