கத்தாரில் கழற்றிய செருப்பு

மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறாவூரில் ஏறிய இரண்டு இளம்பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருத்தியின் மடியில் லெப்டொப் பை இருந்தது. அவள்தான் தொடங்கினாள்.

“எங்கட வாப்பா கத்தாரில செருப்பைக் கழட்டி வச்சிட்டுத்தான் நம்மட புது ஊட்டுக்குள்ள வந்தாரு புள்ள.”

“கத்தாரிலயா? என்னடி சொல்றாய்?”

“ஊடு முழுக்கச் சுத்திச் சுத்திப் போன்ல படமெடுத்து, கம்ப்யூட்டரில அதே ஊட்டைச் செஞ்சு அனுப்பினன். அவரு மட்டைப் பெட்டியில ரெண்டு லென்ஸ் ஒட்டி, போனை உள்ள வச்சிக் கண்ணுல மாட்டினாரு. கிட்டப் போனா கதவு திறக்கும். அங்க நடந்தா ஊட்டுக்குள்ள நடக்கலாம்.”

“அவரு காசனுப்பிக் கட்டின ஊட்டை அவரே இன்னும் காணல்ல, என்ன?”

“ஓம், என்ட சீதன ஊடு. அவர்ர கூட்டாளிட போன்ல வீடியோ கோல் எடுத்து நாங்களும் பாத்துக்கிட்டு இருந்தம். கதவு திறந்த உடன ஸலாம் சொன்னாரு. அடுப்படியில உம்மா நிக்கிறதையும் படத்தில சேர்த்திருந்தன். ‘உம்மா எங்க?’ எண்டு கேட்டு நேரா அங்கதான் நடந்தாரு.”

“கண்டாரா?”

“எங்க? அவர்ர ரூம் சின்னன். நம்மட ஹோலைத் தாண்ட முந்தி அங்க சுவரில முட்டிட்டாரு. திரும்பத் திரும்ப வந்து பாத்தாரு. அடுப்படிக்குப் போக ஏலல்ல.”

பஸ் ஒரு தரிப்பில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

“உம்மா என்ன சொன்னா?”

“‘நாளைக்குத் திரும்பப் படமெடு மகள், நான் வாசல்ல வந்து நிக்கிறன்’ எண்டா.”