தொட்டால் திறக்கும் கரும்பலகை

துவாக்குடியிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள். திருவெறும்பூர் தாண்டியதும் ஜன்னலோர டீச்சர் ஆரம்பித்தார்.

“எவ்வளவு அழுத்தியும் அன்னிக்கு எனக்கு மட்டும் ஓபன் ஆகல டீச்சர்.”

“எதுங்க?”

“ஸ்மார்ட் போர்டு. டிரெயினிங்குக்கு ஃபண்டு வந்துடுச்சு, போர்டுக்கு இன்னும் வரலையாம். அதனால டிரெயினர் கரும்பலகையில சாக்பீஸால ஒண்ணு வரைஞ்சு, ஒவ்வொருத்தரா வந்து தொடச் சொன்னார்.”

“மத்தவங்களுக்கு ஓபன் ஆச்சா?”

“எல்லாரும் ஆச்சுன்னுட்டாங்க. நான் ஒருத்திதான் உண்மையைச் சொல்லித் தொலைச்சேன். இன்னிக்கு மறுபடியும் வரச் சொல்லிட்டார்.”

“இன்னிக்கு?”

“படமே ஓடுதுங்க சார்னேன். சர்டிஃபிகேட் கொடுத்துட்டார்.”

பக்கத்து டீச்சர் சிரிக்கவில்லை.

“உங்களுக்காவது அங்கேயே முடிஞ்சுது. எங்க எச்.எம். டிரெயினிங் போயிட்டு வந்து என் கிளாஸ் போர்டுலயே அதே மாதிரி வரைஞ்சு வெச்சுட்டார். ஆபீசர் வந்து பாக்கற வரைக்கும் யாரும் அழிக்கக் கூடாதாம்.”

“அப்ப பாடம் எங்க எழுதறீங்க?”

“சுவத்துலதான்.”

காந்தி மார்க்கெட் நெரிசலில் பஸ் நின்றது. பக்கத்து டீச்சரே தொடர்ந்தார்.

“எச்.எம். வரைஞ்ச அந்த போர்டும் நேத்து ஜன்னல் வழியா சாரல் அடிச்சு பாதி அழிஞ்சு போச்சு. ஸ்மார்ட் போர்டு ரிப்பேர்னு மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கார்.”

“யாராவது வர்றாங்களா?”

“அந்த டிரெயினரே வர்றாராம். சாக்பீஸ் மட்டும் எங்களை வாங்கி வெக்கச் சொன்னாங்க.”