முட்டை என்று நினைத்த எழுத்து

உழவர்கரை பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“எங்க வூட்டுக்காரரோட ராச்சியத்தையே அழிச்சிட்டேன்க்கா,” என்றாள் இளையவள்.

“என்னாடி ஒளர்ற?”

“பிரான்ஸ்லேர்ந்து கொண்டாந்த கம்ப்யூட்டர்ல, பூதம் மந்திரவாதின்னு ஊர் ஊரா சுத்தி ராச்சியம் புடிப்பாரே, அந்த வெளையாட்டு. மூணு வருஷம் கழிச்சு நாளைக்கு வராரு. விட்ட எடத்துலேர்ந்து ஆடணும்னு லெட்டர்ல எழுதியிருக்காரு. ஓடுதான்னு போட்டுப் பாத்தேன். பிரெஞ்சுல என்னமோ கேட்டு, ‘ஓ’ எழுத்தா ‘என்’ எழுத்தான்னுச்சு. ‘ஓ’ன்னா முட்டை, சைபரு, ஒண்ணும் வேணாம்னு நெனச்சு அமுக்கிட்டேன். பழசெல்லாம் போயி, புதுசா பேரு கேக்குது.”

“அடிப்பாவி, பிரெஞ்சுல ‘வீ’ன்னு சொல்றதை எழுதுனா மொத எழுத்து ‘ஓ’டி. ஆமான்னு அர்த்தம். பிரெஞ்சு பதிவுக் கல்யாணத்துல நீயே ‘வீ’ன்னு சொன்னியே!”

“அன்னிக்கும் என்னா கேட்டாங்கன்னு தெரியாமதான்க்கா சொன்னேன்.”