போர்வை மூலையில் மூணு புள்ளி

– நீ எப்படி உலகு இந்த வண்டியில வந்த? அடுத்த வெள்ளிக்கிழமதான வருவேன்னு காயிதம் போட்டிருந்த?

– அது இருக்கட்டும். நான் வாரது தெரியாமலா வில்வண்டியப் பூட்டிக்கிட்டுத் தென்காசி டேசனுக்கு வந்திய? சரிகைத் துண்டு வேற. நம்ம கல்யாணத்துக்குப் பெறகு அத நான் வெளியில பாக்கவே இல்ல.

– அது வந்து, மதுரையிலேருந்து மரக்கடை முதலாளி ஒருத்தர் வாராருன்னாவ. அவரக் கூப்பிட வந்தேன். ஏ மாடக்கண்ணு, வண்டிய மெள்ள விடு. ஒருவேள அவரு பின்னால இறங்கி நிக்காரோ என்னமோ.

– பின்னால யாருமில்ல. ரயிலு செங்கோட்டைக்குப் போயாச்சு. மாடக்கண்ணு, நீ ஓட்டு. குத்துக்கல்வலசை போய்ச் சேருததுக்குள்ள இவுககிட்ட நான் ஒரு சங்கதி சொல்லி முடிக்கணும்.

– வீட்ல போய்ச் சொல்லேன். சாரல் அடிக்கி, நனையுத பாரு.

– நனைஞ்சா நனையுதேன். கேளுங்க. விழுப்புரத்துல தங்கச்சிக்குப் பிள்ள பெறந்து பதினாறு நாள் கழிஞ்சாச்சு. அவ மாப்பிள்ளை போலீசு டூட்டின்னு போயிருவாரு, எனக்கு அங்கன இருப்புக் கொள்ளல. நேத்து ராத்திரி அவருதான் கொண்டாந்து மூணாங்கிளாசு பொம்பளப் பெட்டியில ஏத்திவிட்டாரு. கால் வைக்க எடமில்ல. பக்கத்துல கடையநல்லூர் சைதூன் பீவின்னு ஒருத்தி, தம்பிக்காரன ஆம்பளப் பெட்டியில ஏத்திட்டு இவ இங்கன முறுக்கு டப்பாவோட உக்காந்திருந்தா. பாதி ராத்திரி திருச்சியில வந்து நின்னா, பெட்டிக்கு அடியிலேருந்து புகை வருது. சக்கரத்து அச்சு காஞ்சு போச்சாம். பெட்டியக் கழட்டணும், எல்லாரும் இறங்குங்கன்னுட்டான்.

– அய்யய்யோ. ஒனக்கு ஒண்ணும் ஆகலயே?

– அப்போ ஆகல.

– பெறகு என்ன ஆச்சு?

– ரயில் கார்டு ஒருத்தர், பாதி வெள்ளக்காரச் சட்டைக்காரரு, வெளக்கத் தூக்கிக்கிட்டு வந்தாரு. ஒவ்வொருத்திகிட்டயும் கூட வந்த ஆம்பளை யாருன்னு கேட்டு, அந்தந்தப் பெட்டியில கொண்டு விடுதாரு. நான் தனியா வாரேன்னேன். புருசன் பேரு என்னன்னாரு. நான் எப்படிச் சொல்லுவேன்? பன்னெண்டு வருசத்துல ஒரு நாள் சொல்லியிருப்பனா? அடுத்த வீட்டு அண்ணாச்சிக்கும் உங்க பேருங்கதுனால அவரக்கூட வடக்கு வீட்டு அண்ணாச்சின்னுதான சொல்லுதேன்.

– சொல்லப்பிடாதுல்லா. புருசனுக்கு ஆயுசு கொறையும்.

– அதான. குற்றாலத்துச் சாமி பேருன்னேன். சட்டைக்காரருக்கு என்ன தெரியும், முழிச்சாரு. சைதூன் பீவி நம்ம பக்கத்து ஊருக்காரில்லா, பாத்துட்டு, நான் சொல்லுதேன் தொரைன்னு உங்க பேரப் போட்டு உடைச்சிட்டா. தென்காசிக்காரருன்னும் சொன்னா. அவரு கையில இருந்த தாளப் பாத்தாரு, முகம் மலர்ந்து போச்சு. உங்க வீட்டுக்காரரு பேருல ரெண்டாங்கிளாசுல படுக்கை அறை எடுத்திருக்கும்மா, புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருக்கும், நீங்க ஏன் இந்தக் கூட்டத்துல கெடந்து சாகுதியன்னு சொல்லி, என் டிரங்குப் பெட்டியத் தானே தூக்கிட்டு நடக்காரு.

– அது வேற யாராவது இருக்கும். நம்ம ஊருல தெருவுக்கு நாலு பேரு அந்தப் பேருல இருக்கானே.

– நீங்க ஏன் இப்படி வேர்த்துப் போயிருக்கிய? சாரல்ல வேர்க்குமா? நான் அப்படி நெனைக்கலங்க. விருதுநகர் லைன் போட்டதுலேருந்து மாசம் ஒருக்கா மெட்ராசு போறியளே, அப்படிப் போன எடத்துல தங்கச்சி மாப்பிள்ளை உங்களுக்குத் தந்தி அடிச்சிருக்காரு, நீங்க எனக்குத் தெரியாம அறை எடுத்து வச்சிருக்கியன்னு நெனச்சேன். சொல்லவே வெக்கமா இருக்கு. பிளாட்பாரத்துல நடந்துக்கிட்டே தலையக் கோதி, பூவச் சரி பண்ணிக்கிட்டுப் போனேன்.

– உலகு...

– கதவத் தெறந்தா, கீழ்ப் பலகையில ஒரு பொண்ணு. இருவத்திரண்டு வயசு இருக்கும். தூக்கக் கலக்கத்துல எந்திரிச்சு உக்காருதா. கழுத்துல புது மஞ்சக் கயிறு. நான் வாயத் தெறக்குததுக்குள்ள வண்டி நகந்துட்டு. அந்த அறையிலேருந்து வேற பெட்டிக்குப் போக வழி கெடையாது. அடுத்த டேசன் வரைக்கும் அவளும் நானும்தான்.

– யாரு அவ?

– நானும் அதான் கேட்டேன். எங்க வீட்டுக்காரரும் நானும் குற்றாலத்துக்குப் போக எடுத்த அறை இது அக்கா, சீசன் முடியுத வரைக்கும் அங்க பங்களா பேசியிருக்காரு, அதுக்குள்ள மர ஏலம்னு தந்தி வந்து அவரு ரெண்டு நாள் முந்திப் போயிட்டாரு, மேல் பலகை சும்மாதான் கெடக்கு, படுங்கன்னா. அக்கான்னு கூப்பிட்டா, கேட்டியளா. குற்றாலத்துல பங்களான்னதும் எனக்குப் பொறாமைகூட வந்துச்சு. கூப்பிடு தூரத்துல இருந்துக்கிட்டு, நான் கேட்டா சாரல்ல சளி பிடிக்கும்பிய.

– புருசன் பேரச் சொன்னாளா?

– அவளும் சொல்லமாட்டேங்கா. அருவிச் சாமி பேருன்னு சொல்லிச் சிரிக்கா. நானும் சிரிச்சேன். தெருவுக்கு நாலு பேருன்னு இப்ப நீங்க சொன்னியளே, அதயேதான் நானும் அவகிட்டச் சொன்னேன்.

– அதான் சொல்லுதேன்லா. எவனோ ஒருத்தன். சவத்த விடு. ஒனக்குப் பசிக்கும், வழியில காப்பி ஏதாவது...

– குளிருதுன்னேன். அவ ஒரு போர்வை குடுத்தா. வெள்ளைப் போர்வை, செவப்புக் கரை. மூலைய இழுத்துக் காதுல சுத்தப் போனேன். வெளக்கு வெளிச்சத்துல பாத்தா, மூலையில சேங்கொட்டை மையில மூணு புள்ளி, குறுக்க ஒரு கோடு.

– என்ன சொல்லுத நீ?

– நம்ம மந்திரமூர்த்தி எத்தனை வீட்டுக்குத் துணி வெளுக்கான்? ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி. மூணு புள்ளியும் கோடும் எங்க அய்யா வீட்டுக்குன்னு அவன் அப்பன் காலத்துலேருந்து போடுதான். தெருவுல நாலு பேருக்கு ஒரே பேரு இருக்கலாம். ரெண்டு வீட்டுக்கு ஒரே குறி இருந்தா அவன் வேட்டி இவன் வீட்டுக்குல்லா போயிரும்.

– மார்கழியில அந்தப் போர்வை தொலைஞ்சுட்டுன்னு நான் அப்பவே சொன்னேனே. ரயில்ல எவனோ களவாண்டுட்டான். அந்தக் களவாணிப் பயதான் இவளுக்கு...

– நானும் அப்படித்தான் மனசத் தேத்திப் பாத்தேன். உலகம்மா தாயே, அவ புருசன் களவாணியா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். ஒங்க வீட்டுக்காரரப் பத்திச் சொல்லு பிள்ளைன்னேன். சொன்னா. இடது தோள்ல மாடு முட்டின தழும்பு. வெத்திலையில கிராம்பு இல்லாட்டாத் துப்பிருவாரு. அருவியில தலை காட்டப் பயம், ஊரே குளிக்க, இவரு கரையில நின்னு செம்புல மோந்து ஊத்திக்கிடுவாராம்.

– மெள்ளப் பேசு. மாடக்கண்ணு கேக்கான்.

– கேக்கட்டும். அந்தச் செம்பத் தூக்கிட்டு வாரவனே அவன்தான.

– உலகு, நான் சொல்லுதத முதல்ல கேளு.

– நான் இன்னும் முடிக்கல. மூத்த தாரம் உண்டுமான்னு கேட்டேன். உண்டுமாம். செத்துட்டாளாம்.

– அய்யோ.

– நானும் அய்யோன்னுதான் சொன்னேன். எப்படிச் செத்தான்னு கேட்டேன். நாலு வருசத்துக்கு முந்தி ஆடியில பேதி கண்டு ஒரே நாள்ல போயிட்டாளாம். போகும்போது உங்க கையப் பிடிச்சுக்கிட்டு, நீங்க ஒத்தையில இருக்கப்பிடாது, நல்ல பொண்ணாப் பாத்துக் கெட்டிக்கிடுங்கன்னு சொன்னாளாம். அதச் சொல்லும்போதெல்லாம் அவரு அழுவாருக்கா, நான்தான் தொடச்சுவிடுவேன்னு சொல்லுதா அந்தப் பிள்ள. சொல்லிக்கிட்டே அவளும் அழுதா, எனக்காக. வருசா வருசம் ஆடியில எனக்குத் தெவசம் வேற குடுக்கியளாமே, வடை பாயசத்தோட. அந்த மெத்தைப் பலகையில உக்காந்து நான் செத்த கதைய நானே கேட்டேன்.

– அவ அப்பன், மூத்த தாரம் இருந்தாப் பொண்ணு தரமாட்டேன்னுட்டாரு. பயத்துல வாயில வந்ததச் சொல்லிட்டேன்.

– நான் சாகுததுதான் வாயில வந்துச்சா?

– தப்புதான். ஒங்கால்ல வேணாலும் விழுதேன். அவ... அவ இப்ப எங்க இருக்கா?

– டேசன்லேருந்து இதக் கேக்கத்தான தவிக்கிய. நான் அவள வையல. என் சேலை முந்தியப் பிரிச்சு, அந்தப் போர்வை மூலைக்குப் பக்கத்துல வச்சேன். அங்கயும் மூணு புள்ளி, குறுக்க ஒரு கோடு. ரொம்ப நேரம் அதயே பாத்தா. பெறகு என்னப் பாத்தா. பேயக் கண்ட மாதிரி மூலையில போய் ஒண்டிக்கிட்டா. நடுவுல டேசன் வந்துச்சு, கதவு தெறந்துதான் கெடந்துச்சு, ரெண்டு பேருக்கும் எந்திரிக்கத் தோணல. மதுரையில விடிஞ்சதும் சைதூன் பீவி என்னத் தேடி வந்து சன்னலத் தட்டினா. பீவி முகத்தப் பாத்த பெறகுதான் எனக்கு அழுகையே வந்துச்சு. அந்தப் பிள்ளைக்கும்தான்.

– அப்போ குற்றாலத்துக்கு அவ வரலையா?

– வரமாட்டா. கடையநல்லூர்ல பீவி கூட இறங்கிட்டா. அவ வீட்ல தங்கிட்டு நாளைக்கு மெட்ராசு வண்டி ஏறிருவா. அங்கன போய் நிக்கலாம்னு நெனச்சா நெனைங்க. பீவிக்குக் கூடப்பெறந்தவன் அஞ்சு பேரு, அஞ்சு பேரும் வீட்லதான் தறி நெய்யுதான்.

– நான் எதுக்கு அங்க போறேன்? எனக்கு நீதான் எல்லாம். நம்ம வீட்டுக்குப் போவோம் உலகு, வீட்ல வச்சுப் பேசிக்கிடுவோம்.

– நம்ம வீடு இல்ல. எங்க அய்யா வீடு. இந்த வண்டியும் எங்க அய்யா வண்டி. மாடக்கண்ணு, நிறுத்து.

– நடுரோட்டுல எதுக்கு நிறுத்தச் சொல்லுத? மழை வேற வலுக்குது.

– பேரச் சொன்னா ஆயுசு கொறையும்னு பன்னெண்டு வருசமா வாயக் கட்டி வச்சிருந்தேன். நான்தான் செத்து நாலு வருசமாச்சே. செத்தவளுக்குப் புருசன் ஏது? குற்றாலலிங்கம், இறங்குலே.