தொட்டில் கட்டின இடம்

— மெல்லப் பேசு பானு. புள்ள எந்திரிச்சிரப் போகுது.

— எந்தப் புள்ள? பரணியக் காலையில நீங்கதான ஸ்கூல்ல விட்டுட்டு வந்தீங்க?

— அட, ஆமால்ல. தொட்டிலப் பாத்தாலே கொரல் தானா இறங்கிருது. அதுக்குத்தான் கழட்டிருவோம்னு சொல்றேன்.

— கழட்டிட்டு அந்த எடத்துல பாக்கெட் ஒட்டுற மெஷின வைக்கணும், அதான? கட தொறந்த நாள்லேர்ந்து ஒரு பிளாஸ்டிக் கவர் இந்த வாசல்படி தாண்டுனதில்ல. பாத்திரம் கொண்டாந்தாத்தான் சரக்குன்னு போர்டு எழுதுனது யாரு?

— இந்தா பாரு, எழுதுனது நான்தான். அதப் படிக்க ஆள் வரணும்ல? சாமையும் வரகும் டின்னுக்குள்ளயே கெடக்கு. பெரியவன் தனுஷுக்கு சைக்கிள் வேணுமாம், பரணிக்கு ஷூ கடிக்குதாம். பாக்கெட் போட்டா பழனி ரோட்டுக் கடைக பூராம் நம்ம சரக்கு போகும். கட வளர வேணாமா?

— வளரட்டும். நம்ம கடையாவே வளரட்டும். பக்கத்துத் தெருக் கட மாதிரி ஆகுறதுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு?

— இஷாக் பாய் நாலு மணிக்கு மெஷினக் கொண்டாந்துருவாரு.

— இன்னைக்கா! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?

— சொன்னா விடுவியா? சரி, அந்தக் கயித்த விடு. வெறுந்தொட்டில எதுக்கு ஆட்டுற?

— நானா ஆட்டுறேன்? கால் ஆட்டுது. பெருவிரல்ல கயித்த மாட்டி ஆட்டிக்கிட்டேதான சரக்க நிறுத்துப் போட்டேன், மொதல்ல தனுஷ ஆட்டுனேன், பெறகு பரணிய. மத்தியானம் சிறுமலைப் பக்கமிருந்து காத்து வந்து தொட்டில் சேல பொம்மும். பருப்பு கொட்டுற சத்தம் எனக்கு மழ பெய்யிற மாதிரி கேக்கும். வாரவங்களும் குசுகுசுன்னு கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. ஒரு நா தராசுல கைய வச்சபடிக்கு நானே தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா நாலு பேரு தூக்குவாளியோட பேசாம நிக்கிறாங்க. ஒருத்தரும் எழுப்பல.

— நல்லாத்தான் இருந்துச்சு. அந்த நாலு பேரு இப்ப எங்க?

— வருவாங்க.

— எப்ப? கனவுலயா?

— அண்ணே, கட இருக்கா?

— வா தாயி. அட, சத்யபிரியாவா! எம்புட்டு நாளாச்சு. பச்சப்புள்ளையா ஒரு தடவ பாத்தது. தோள்ல கெடக்குற தொரதானா?

— இவருதாண்ணே. அது வந்துண்ணே... ஒரு கவர் கெடைக்குமா? கொஞ்சம் சாமையும் கடலெண்ணெயும் வேணும். பாத்திரம் கொண்டாரல.

— கேட்டியா பானு? நான் சொல்லிக் குடுத்துக் கூட்டியாரல, பாத்துக்க.

— நீங்க செத்த சும்மா இருங்க. ஏன் சத்யா, தூக்குவாளிய வெளக்கித் தொடச்சு மொத ஆளா வந்து நிப்பியே?

— கோவிச்சுக்காதீங்கக்கா. ஒரு கையில இவன், ஒரு கையில எண்ணெ. டப்பாவ எங்க வைக்க? ஒரு தடவ வந்து வாங்கிட்டுப் போனேன். நடுரோட்டுல இவன் எக்குனான், அம்புட்டு எண்ணெயும் எஞ்சேலையில. அதுலேர்ந்து பக்கத்துத் தெருவுல பாக்கெட்டா வாங்கிட்டு, உங்க கடையத் தாண்டையில மொகத்தத் திருப்பிக்கிருவேன்.

— எங்களுக்காடி வெக்கப்பட்ட?

— நான் மட்டுமா? எங்க தெருவுல கைப்புள்ளக்காரிக எல்லாரும் அப்பிடித்தாங்க்கா. உங்க கடைக்கு வரணும்னா மூணு கை வேணும். ஐயோ, முழிச்சிட்டான்!

— இங்க குடு. தொட்டில்ல போடுறேன்.

— புது எடத்துல தூங்க மாட்டாங்க்கா, ஊரக் கூட்டிருவான்.

— ஏங்க, கயிறு!

— இழுத்துக்கிட்டுத்தான இருக்கேன். ரோரோரோ... ஏலே அப்பு, ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல. இந்தா, கண்ணு சொருகுது பாரு.

— தூங்கிட்டானாண்ணே?

— தூங்கிட்டான். நீ போயி நிதானமா என்ன வேணுமோ பாரு தாயி.

— அக்கா, ரெண்டு கையும் சும்மா இருக்கு. தண்ணியில மெதக்குற மாதிரி இருக்குக்கா. இந்த வரகுக்குள்ள விடட்டா?

— விடு. முழங்கை வரைக்கும் விடு.

— குளுகுளுன்னு இருக்கு. ஆத்துக்குள்ள நிக்கிற மாதிரி... இந்த மூட்டையில செத்த நேரம் உக்காந்துக்கிறேங்க்கா...

— உக்காரு. நான் நிறுத்து வைக்கிறேன். சாமை எம்புட்டு போட? சத்யா? ஏங்க, இங்க பாருங்க.

— தூங்கிட்டாளா!

— புள்ள பெத்த பெறகு ஒழுங்காத் தூங்கிருக்க மாட்டா. நம்ம தூக்குவாளியில எண்ணெய ஊத்தி வைக்கிறேன். சாயங்காலம் வண்டியில கொண்டுபோயி அவ வீட்டுல குடுத்துட்டு வாங்க.

— ம்.

— என்ன, கயித்த இழுத்துக்கிட்டே யோசன?

— மூணு கை வேணும்னு சொன்னா பாரு. நான் போர்டு எழுதையில தனுஷு உன் இடுப்புல இருந்தான். என் ரெண்டு கையும் சும்மா இருந்துச்சு. அதான் எனக்குத் தோணல.

— இப்பத் தோணுதா?

— செத்த இரு, போன எடு. ஹலோ, இஷாக் பாய்? ஈஸ்வரன் பேசுறேன். மெஷின் வேணாம் பாய். இல்ல பாய், வேற எங்கயும் சொல்லல. அந்த எடத்துல ஆள் இருக்கு.

— ஏங்க, நெசமாவா? சைக்கிளு, ஷூவெல்லாம்?

— தெரியல பானு. பயமாத்தான் இருக்கு. கயித்த நீ பிடி, நம்ம வாட்ஸப் குரூப்புல ஒரு வாய்ஸ் போட்டுர்றேன். எல்லாருக்கும் வணக்கம், கடையிலேருந்து ஈஸ்வரன். கைப்புள்ள வந்த பெறகு நீங்க ஏன் வாரதில்லன்னு இன்னைக்குத்தான் எனக்கு வெளங்குச்சு. இனிமே புள்ளைய மட்டும் தூக்கிட்டு வாங்க. தூக்குவாளியும் டப்பாவும் நாங்க தாரோம், சரக்கு வண்டியில உங்க வீட்டுக்கு வந்துரும். தொட்டில் ஒண்ணு இருக்கு, உத்தரத்துல இன்னும் ரெண்டு கட்டலாம். பாக்கெட் மெஷின் வேணாம்னு சொல்லிட்டேன், நீங்க வந்தாத்தான் கட நிக்கும். யாரு யாரு வாரீக, உங்க வீட்டுப் புள்ள மத்தியானம் எந்நேரம் தூங்கும்? கீழ பதில் போடுங்க.