நாலு பத்து வண்டி

இல்ல தம்பி, அந்தச் சிவப்பு இன்ஜினுக்கு ஒண்ணும் இல்ல, அது நல்லாத்தான் ஓடுது. இந்தப் பச்சைதான். இதை எப்படியாவது எழுப்பிக் குடுத்துட்டுப் போங்க. மிக்ஸி மோட்டார், ஃபேன் மோட்டார் எல்லாம் பாக்குற ஆளு, பொம்மை ரயில் பாத்ததில்லைன்னா எப்படி? கரண்ட் எல்லாத்துக்கும் ஒண்ணுதானே.

பாத்து, தலை. பலகைக்கு அடியில குனிஞ்சுதான் உள்ள வரணும். ரூம் பூரா ரயில் ஓடுற பலகை, நடுவுல ஆள் நிக்க ஒரு ஓட்டை. கட்டில் போட இடமில்லாம நாங்க ஹால்ல படுத்தே பழகிட்டோம்.

ஸ்டூல்ல உக்காந்திருக்காரே, எங்க வீட்டுக்காரரு. நீங்க வணக்கம் வெச்சா திருப்பி வெக்க மாட்டாரு, தப்பா எடுத்துக்காதீங்க. மறதி வியாதி, நாலு வருஷமாச்சு. நாம பேசுறது காதுல விழும், ஆனா உள்ள ஒட்டாது. முன்ன பெரிய கட்டடத்துக்கெல்லாம் வரைபடம் போட்ட கை அது.

பிடிங்க, கையில வாங்கிப் பாருங்க. கடையிலேருந்து வந்தப்ப இப்படி இல்ல. புகைபோக்கி பேனா மூடி. பக்கத்துக் கைப்பிடியெல்லாம் என் ஊசி, தலையை வெட்டி ஒட்டினாரு. ஏழு தடவை பெயிண்ட் அடிச்சாரு. அடிச்சு முடிச்சுட்டு, ரொம்பப் புதுசா இருக்கே, இப்படி எந்த ஊர் இன்ஜின் இருக்கும்னு கரிப்பொடியைத் தொட்டுத் தொட்டு அழுக்காக்கினாரு. புத்தம் புதுப் பொருளை அழுக்காக்க ஒரு வாரம் லீவு போட்ட மனுஷன்.

புல்லு நான் போட்டது. மரத்தூளைப் பச்சைச் சாயத்துல முக்கி, காயவெச்சு, பசை மேல தூவினது. ஸ்டேஷன் ஜன்னல் திரையும் நான்தான். நகத்தளவு ஜன்னலுக்குத் திரை தெச்ச தையல்காரி உலகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

என்ன ஆச்சுன்னா கேக்குறீங்க? தண்டவாளத்தைத் துடைக்கிறேன்னு மிஷின் எண்ணெய் போட்டுட்டேன். அதோ, சுவத்துல அவரே எழுதி வெச்சிருக்காரு பாருங்க, எண்ணெய் கூடவே கூடாதுன்னு. தண்டவாளத்துலேருந்து சக்கரம் வழியாத்தானே கரண்ட் ஏறுது, எண்ணெய்ப் பிசுக்குல தூசி படிஞ்சா ஏறாது. தெரியும். தெரிஞ்சும் பண்ணிட்டேன். தையல்காரிக்கு எது மக்கர் பண்ணினாலும் எண்ணெய் விடத்தானே தோணும். அப்புறம் இந்தக் குமிழைத் திருப்பினேன், உர்ருன்னுச்சு, பொசுங்கின வாடை வந்துச்சு, அவ்வளவுதான்.

ஒம்பது நாளாச்சு தம்பி. ஒம்பது நாளா அவரு ஒரு வாய் திங்கல.

சிரிக்காதீங்க. சரி, சிரிக்கல. இந்த வீட்டுல மணி பாக்கிறது இந்தப் பலகையை வெச்சுத்தான். சாயங்காலம் நாலு பத்துக்குப் பச்சை இன்ஜின் மூணு பெட்டியோட அந்த மலைக் குகையிலேருந்து வெளிய வரும், பாலம் தாண்டி, பிளாட்பாரத்துல நிக்கும். நின்னதும் மூணாவது பெட்டியைக் குனிஞ்சு பாப்பாரு. அப்புறம் நிமிந்து, பக்கத்துல நிக்கிற என்னைப் பாத்து, வந்துட்டியான்னு கேப்பாரு. வந்துட்டேன்னு சொல்வேன். முகம் அப்படியே விரிஞ்சுடும். அப்புறம் தட்டை எடுத்தா சமத்தா வாய் திறப்பாரு. நாள் முழுக்க யாரு நீ, யாரு நீன்னு தள்ளிவிடுற கைதான், அந்த அரை மணி நேரம் என் முழங்கையைப் பிடிச்சுக்கும். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுலதான் உசுரு ஓடிட்டிருந்துச்சு.

இப்ப வண்டி வரல. அதனால நானும் வரல. சர்க்கரைத் தண்ணியை ஸ்பூன்ல விட்டா பாதி உள்ள, பாதி தாடையில. டாக்டரம்மா நேத்து வந்து பாத்துட்டு, நாளைக்குள்ள சாப்பிடலன்னா மூக்குல குழாய் போடணும், அவரு பிடுங்குவாரு, கையைக் கட்டணும்னு சொல்லிட்டுப் போனாங்க. படம் வரைஞ்ச கையைக் கட்டுறதை நான் பாக்கணுமாம்.

சிவப்பை ஓட்டிக் காட்டலையான்னா கேக்குறீங்க? அதைப் பண்ணாம இருப்பேனா? சிவப்பு இன்ஜினை மாட்டி ஓட்டிப் பாத்தேன். ஏறெடுத்துக்கூடப் பாக்கல. அது கூட்ஸ் இன்ஜினும்மா, அதுல ஆளுங்க வரமாட்டாங்கன்னு சொல்லிட்டாரு. என் பேரு மறந்துபோச்சு, எது கூட்ஸ் இன்ஜின்னு மறக்கல. பச்சையைக் கையால தள்ளிட்டு வந்தேன். படார்னு கையில ஒண்ணு போட்டாரு, தண்டவாளத்துல இறங்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றதுன்னு. ரயில்வே சட்டம் வேற. எனக்கு அழறதா சிரிக்கிறதான்னு தெரியல.

எரிஞ்சுபோச்சா? சுத்தமாவா? கம்பி கறுத்துப்போச்சுன்னா வேற கம்பி சுத்த முடியாதா? ஒரு வாரம்லாம் எனக்கு ஆகாது தம்பி, ஒரு வாரம் கழிச்சு நான் வண்டியை யாருக்குக் காட்டுவேன்.

என்ன சொல்றீங்க, சிவப்போட மோட்டாரைக் கழட்டி இதுக்குள்ள வெக்கலாமா? பொருந்துமா? பொருந்தும்னா உடனே வெய்ங்க. உள்ள எது ஓடினா என்ன, வெளிய பச்சையா இருந்தாப் போதும். அந்த டப்பாவுல சின்ன ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் இருக்கு. விளக்கை இந்தப் பக்கம் திருப்பவா?

ம்? ஆமா, உள்ளயும் எண்ணெய்தான். தண்டவாளத்துல விட்டது சக்கரம் வழியா ஏறியிருக்கும்.

ஏறாதா.

நீங்க தொழில் தெரிஞ்சவரு, உங்ககிட்ட கதை விட முடியாது. நாலு ஸ்க்ரூவையும் நான்தான் கழட்டினேன். மேல் மூடியை எடுத்துட்டு, மோட்டார்ல மிஷின் எண்ணெய் பாட்டிலைக் கவுத்தேன், காலியாகுற வரைக்கும். மூடி, திரும்ப முடுக்கி, குமிழை முழுசாத் திருப்பி வெச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். தண்டவாளத்துல ஒரு சொட்டு விடல. அதை எதுக்கு நான் கெடுக்கணும், ஓரத்துப் புல்லெல்லாம் என் கையால போட்டது.

வேலையைப் பாத்துக்கிட்டே கேளுங்க. மூணாவது பெட்டி ஜன்னல்ல ஒரு பொம்பளை உக்காந்திருக்கா, தெரியுதா? நீலத் துணி, மடியில பை. புளியங்கொட்டை உசரம். முப்பத்திமூணு வருஷமா அது யாரோ பயணின்னு நெனச்சு பிரஷ்ஷால தூசி தட்டி விட்டிருக்கேன். மூத்தவ அது. எனக்கு முன்ன கட்டினவ. பக்கத்து ஊர்ல டீச்சரா இருந்தாளாம், தினம் நாலு பத்து வண்டியில திரும்புவாளாம், இவரு ஆபீஸ்லேருந்து ஓடிப்போய் நிப்பாராம். காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டா. ரெண்டு வருஷம் கழிச்சு என்னைக் கட்டினாரு. ஒரு குறை வெக்கல, அதையும் சொல்லணும். வியாதி வந்தப்புறம்தான் வந்துட்டியாவோட ஒரு பேரும் சேர ஆரம்பிச்சுது. என் பேரு இல்ல.

சக்களத்தி மண்ணுல செஞ்சாலும் ஆகாதும்பாங்க. இவ வெறும் பிளாஸ்டிக். அதுக்கும் பழகிட்டேன் தம்பி. அந்தப் பேருக்கு ம் கொட்டி, அவளா நின்னு ரெண்டு வருஷமா ஊட்டிட்டிருந்தேன். சாப்பாடு இறங்குதே, யார் பேர்ல இறங்கினா என்ன.

அன்னிக்குச் சாப்பிட்டு முடிச்சாரு. வாயைத் துடைச்சுவிடுறேன், குரலைத் தாழ்த்தி ரகசியம் மாதிரி சொல்றாரு. நீ ஊர்ல இல்லாத நேரம் இங்க ஒருத்தி வந்து கெடக்கிறா, பாவம், நல்லவதான், ஆனா விரலெல்லாம் ஊசி குத்தி சொரசொரன்னு இருக்கு, எனக்குப் பிடிக்கல, அவளை அனுப்பிடு.

நான் சரின்னு சொன்னேன். தட்டைக் கழுவி வெச்சேன். அப்புறம்தான் எண்ணெய் பாட்டிலை எடுத்தேன்.

ஓடுதா? கொஞ்சம் நகருது, நான் பாத்தேன். இன்னும் கொஞ்சம் முடுக்குங்க. சோறு பிசைஞ்சு வெச்சிட்டேன். அவளே வரட்டும் தம்பி, வந்து ஒரு வாய் ஊட்டிட்டுப் போகட்டும்.